கொலையாளி யாரென்று முன்பே தெரிந்துவிட்டால்…

கேள்வி: எந்தத் துப்பறியும் நாவலை எடுத்தாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுவேன். யார் பிழைப்பார், யார் சாவார் என்று தெரிந்தால்தான் என்னால் நிம்மதியாக வாசிக்க முடிகிறது. என் கணவரோ, "கொலையாளி யாரென்று தெரிந்த பிறகு படிக்க அதில் என்ன இருக்கிறது?" என்று கடிந்துகொள்கிறார். நான் கதையை ரசிக்கிறேனா, கெடுத்துக்கொள்கிறேனா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வாசகியின் பக்கம் பேச ஓர் ஆய்வு இருக்கிறது. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ஜோனதன் லெவிட், நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011இல் அதை வெளியிட்டார்கள். செகாவ், அகதா கிறிஸ்டி, ரோல்ட் டால் முதலியோரின் 12 சிறுகதைகளை 819 பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். சிலருக்குக் கதை மட்டும் கிடைத்தது. வேறு சிலருக்கு, முடிவைப் போட்டு உடைக்கும் ஒரு சிறு பத்தி கதைக்கு முன்னால் கிடைத்தது. படித்து முடித்ததும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டார்கள். திடீர்த் திருப்பம் உள்ளவை, மர்மக் கதைகள், இலக்கியக் கதைகள் என்று மூன்று வகையிலும், முடிவு தெரிந்து படித்தவர்களே சற்றுக் கூடுதலாக மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

கணவரின் பக்கம் பேசவும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் பணியாற்றிய பெஞ்சமின் ஜான்சனும் அமெரிக்காவின் ஜூடித் ரோசன்பாமும் 2015இல் 412 மாணவர்களைக் கொண்டு இதே போன்ற சோதனையை நடத்தியபோது முடிவு நேர் எதிராக வந்தது. தெரியாமல் படித்த கதையே மனத்தைத் தொட்டது, சுவையாகவும் இருந்தது என்றார்கள் மாணவர்கள். அடுத்த ஆண்டு அதே இருவர் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் ஆராய்ந்தார்கள். உணர்ச்சி வேகத்தை விரும்பி நாடுகிறவர்களும், அடிக்கடி கதை படிக்கிறவர்களும் முடிவு தெரியாத கதையைத்தான் அதிகம் ரசித்தார்களாம்.

இரண்டு சோதனைகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. யாரோ கையில் கொடுத்த சிறுகதையைச் சில நிமிடங்களில் படித்து முடிக்கும் மாணவருக்கும், வாரக்கணக்கில் ஒரு நாவலோடு வாழும் வாசகிக்கும் நிலைமை ஒன்றல்ல. அந்தக் கதைக்காக அந்த மாணவர் காத்திருக்கவில்லை. அதன் பாத்திரங்களை ஒரு மாதம் மனத்தில் சுமக்கவும் இல்லை. ஆகவே சராசரி மதிப்பெண்ணைக் கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தைப் பார்க்கலாம். அதன் பதிகமே கோவலன் கொலையையும் மதுரை எரிந்ததையும் சொல்லிவிடுகிறது. பதிகம் பிற்காலத்தில் சேர்ந்தது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. அதை ஒதுக்கிவைத்தாலும், நூலுக்குள்ளேயே, புகாரை விட்டுப் புறப்படும் முன்பே, கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் ஒரு தீய கனவைச் சொல்கிறாள். கணவனோடு ஒரு பெரிய நகரத்துக்குப் போவது, அவன்மேல் பழி விழுவது, தான் அரசன்முன் வழக்குரைப்பது, அரசனுக்கும் நகருக்கும் கேடு வருவது எல்லாம் அந்தக் கனவில் இருக்கின்றன. பிறகு இருவரும் மதுரையை நெருங்குகிறார்கள். வையை தன் கண்ணீரை மறைத்துக்கொள்வதுபோலப் பூக்களால் தன்னைப் போர்த்திக்கொண்டு ஓடுகிறது. கோட்டைக் கொடிகள் வராதீர்கள் என்று கைகாட்டி மறிப்பதுபோல அசைகின்றன. வரப்போவது தெரியாத ஒருவருக்கு இந்த இடம் வெறும் ஆற்று வருணனை, கொடி வருணனை. தெரிந்தவருக்கு நெஞ்சு பதறுகிறது. இளங்கோ இந்தக் காட்சியை எழுதியிருப்பதே முடிவு தெரிந்தவர்களுக்காகத்தான். நடக்கப்போவதை அறிந்திருப்பது இங்கே சுவைக்குக் குறை அல்ல, அதுவே சுவை.

துப்பறியும் கதையிலும் இந்த வழி உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஆஸ்டின் ஃப்ரீமன் 1912இல் வெளியிட்ட ஒரு தொகுப்பில், குற்றம் எப்படி நடந்தது, செய்தவர் யார் என்பதை முதலிலேயே காட்டிவிட்டு, பிடிபடும் விதத்தைப் பின்னால் சொல்லும் கதைகளை எழுதினார். 1971இல் தொடங்கிய 'கொலம்போ' தொலைக்காட்சித் தொடரும் அப்படித்தான். கொலையாளியைப் பார்வையாளர் முதல் காட்சிகளிலேயே பார்த்துவிடுவார். கசங்கிய மழைக்கோட்டோடு வரும் அந்தக் காவல் அதிகாரி எந்தச் சிறு தவறைப் பிடித்து அவரை மடக்கப்போகிறார் என்பதுதான் ஆவல்.

எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அளவுக்கு யோசித்த இயக்குநர் அபூர்வம். பிரெஞ்சு எழுத்தாளர்கள் புவாலோ–நார்ஸெஜாக் எழுதிய நாவல் ஒன்றை அவர் 1958இல் 'வெர்டிகோ' என்று படமாக்கினார். நாவல் தன் ரகசியத்தைக் கடைசிவரை பொத்திவைக்கிறது. ஹிட்ச்காக் அதைப் படம் முடிய இன்னும் நிறைய நேரம் இருக்கும்போதே பார்வையாளருக்குச் சொல்லிவிட்டார், நாயகனுக்கு மட்டும் சொல்லவில்லை. உடனிருந்தவர்கள் இதை எதிர்த்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அடுத்தது என்ன என்று ஆவலோடு பார்த்திருக்க வேண்டியவர்கள், உண்மை தெரியும்போது இந்த மனிதன் என்ன ஆவான் என்று பதைத்துப்போனார்கள். அதே ஹிட்ச்காக் இரண்டே ஆண்டுகள் கழித்து, 1960இல் 'சைக்கோ' வந்தபோது, படம் தொடங்கிய பின் யாரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று விதி போட்டார். ஒரே மனிதர், இரண்டு படங்கள், இரண்டு நேர்மாறான முடிவுகள். இரண்டுமே சரி என்பதுதான் கவனிக்க வேண்டியது.

வாசகியின் பழக்கத்தில் தவறில்லை. யார் சாவார் என்ற கவலை தீர்ந்ததும் அவர் மனம் மற்றவற்றுக்குத் திறக்கிறது. எழுத்தாளர் எந்த இடத்தில் துப்பை ஒளித்துவைத்தார், எந்த உரையாடலில் பொய் இருக்கிறது என்று ஒரு கைவினைஞனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். ஆனால் அகதா கிறிஸ்டி எழுதும் வகை நாவலில் ஒன்றை மட்டும் அவர் இழக்கிறார். எழுத்தாளரோடு மோதித் தோற்கும் அனுபவம் அது. 1926இல் வந்த 'ரோஜர் ஆக்ராய்டின் கொலை' நாவலை ஒன்றும் தெரியாமல் ஒருமுறை படித்துவிட்டு, பிறகு எல்லாம் தெரிந்து எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் படிக்கலாம். வரிசையை மாற்றினால் முதல் வாய்ப்பு என்றைக்கும் கிடைக்காது. அந்த ஒரு நாவலையாவது கணவர் சொல்லும் வழியில் படித்துப் பார்க்கும்படி வாசகியைக் கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

கேள்வி: ஆறு மாதமாகக் காத்திருந்த படம். முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு வந்த நண்பன் கிளைமாக்ஸை அப்படியே சொல்லிவிட்டான். இனி அதைத் தியேட்டரில் போய்ப் பார்ப்பது வீண்தானே?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: வீண் இல்லை. கோபம் நியாயமானது, ஆனால் நஷ்டம் அவர் நினைக்கும் அளவுக்கு இருக்காது. முடிவு தெரிந்துவிட்டால் எவ்வளவு ரசனை குறையும் என்று மக்கள் முன்கூட்டிப் போடும் கணக்கு, உண்மையில் குறைவதைவிடப் பெரிதாக இருக்கிறது என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நண்பர் சொன்னது அந்த நேரத்தில் மனத்தை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறது. படம் ஓடத் தொடங்கினால் இசையும் முகங்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் நடக்கும். முடிவு தெரிந்திருந்தும் மனம் பதறும். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் கெர்ரிக் 1980களில் இதைச் சோதித்தார். ஜார்ஜ் வாஷிங்டன்தான் முதல் குடியரசுத் தலைவர் என்று அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பதவியை அவர் ஏற்பாரா என்று ஐயத்தைக் கிளப்பும் ஒரு பத்தியைப் படித்தவர்களிடம், "வாஷிங்டன் முதல் தலைவரானார் என்பது உண்மையா?" என்று கேட்டால், ஆம் என்று சொல்லவே அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. தெரிந்த விஷயத்தையே கதை ஒரு கணம் தள்ளிவைத்துவிடுகிறது.

கல்கியின் வாசகர்களுக்கு இது புதிதல்ல. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, அருள்மொழிவர்மன் பின்னால் ராஜராஜனாகி 985இல் அரியணை ஏறுவான், தஞ்சையில் பெரிய கோயிலைக் கட்டுவான் என்பது வரலாறு அறிந்த எவருக்கும் தெரியும். நடுக்கடலில் புயலில் அவன் சாகமாட்டான். ஆனாலும் அந்த அத்தியாயங்களில் மூச்சைப் பிடித்துக்கொள்ளாத வாசகர் உண்டா? அவன் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டதும் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கும் செய்திதான். மணிரத்னத்தின் படங்கள் 2022லும் 2023லும் வந்தபோது, நாவலை வரிவரியாக அறிந்தவர்கள்தான் முந்திக்கொண்டு டிக்கெட் எடுத்தார்கள். அவர்கள் பார்க்க வந்தது வேறு ஒன்றை. குந்தவையும் நந்தினியும் எதிரெதிரே நிற்கும் அந்தக் கணத்தை எப்படி எடுத்திருக்கிறார்கள் என்பதை.

1964இல் வந்த 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்டு 2012இல் மறுபடி திரைக்கு வந்தபோதும் அரங்குகள் நிறைந்தன. கர்ணன் சாவான் என்பது தமிழ்நாட்டில் யாருக்கு ரகசியம்? வட மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் ஆண்டுதோறும் அதே பாரதக் கூத்து விடிய விடிய நடக்கிறது. அடுத்த வரியை முணுமுணுக்கத் தெரிந்த மூதாட்டிகள்தான் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

சில படங்கள் முடிவையே முதலில் கொடுத்துத் தூண்டில் போடுகின்றன. 2015 ஜூலையில் வந்த 'பாகுபலி' முதல் பாகம், கட்டப்பா பாகுபலியைக் கொன்றார் என்ற செய்தியோடு முடிந்தது. ஏன் என்பதை மட்டும் 2017 ஏப்ரல் வரை நிறுத்திவைத்தார்கள். 'பாபநாசம்' இன்னும் நுட்பமானது. குற்றம் எது, யார் செய்தது என்பதைப் பாதிப் படத்துக்குள் பார்வையாளருக்குக் காட்டிவிட்டு, ஒரே ஒரு விவரத்தைக் கடைசி நிமிடம்வரை மறைக்கிறது. நண்பர் உடைத்தது இந்த வகை விவரமாக இருந்தால் இழப்பு கொஞ்சம் கூடத்தான். அப்போதும் படத்தின் பெரும்பகுதி பத்திரமாக இருக்கிறது. அந்த விவரத்தை நோக்கி இயக்குநர் எப்படி நடத்திச் செல்கிறார் என்பதை அந்த அரங்கில் இந்த மாணவர் ஒருவர்தான் கவனித்துப் பார்ப்பார்.

நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இளங்கோவும் ஹிட்ச்காக்கும் முன்கூட்டிச் சொன்னார்கள் என்பது மற்றவர் சொல்வதற்கு அனுமதி ஆகாது. எதை எப்போது சொல்ல வேண்டும் என்று பல நாள் யோசித்து அவர்கள் சொன்னார்கள். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே சொல்பவர் அந்த யோசனை எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறார்.

கேள்வி: என் பேரனிடம் எழுபது, எண்பது ஆண்டுப் பழைய நாவல் ஒன்றைப் பற்றிப் பேசும்போது முடிவைச் சொல்லிவிட்டேன். "தாத்தா, ஸ்பாய்லர்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவ்வளவு பழைய கதைக்கும் இந்தக் கட்டுப்பாடா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

பதில்: பேரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ராமாயணமும் பாரதமும் எல்லோருக்கும் பொதுவான சொத்து, அவற்றில் உடைக்க ரகசியம் இல்லை. ஆனால் 'பார்த்திபன் கனவு' நாவலில் வரும் சிவனடியார் யார் என்பதை, இன்று முதல்முறை அந்த நூலை எடுக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். கல்கி அதற்கான தடயங்களை அன்போடு தூவி வைத்திருக்கிறார். கதைக்கு வயதாகலாம், வாசகர் புதியவர்.

லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' நாடகம் 1952 நவம்பரில் தொடங்கியது. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சிலிருந்து 2021 மே வரை மூடிக்கிடந்ததைத் தவிர இன்றுவரை நடக்கிறது. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும், கொலையாளி யார் என்பதை வெளியே சொல்லாதீர்கள் என்று மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறார்கள். 'வெர்டிகோ'வின் மூலநாவலை எழுதிய அதே இருவரின் இன்னொரு நாவலிலிருந்து 1955இல் வந்த பிரெஞ்சுப் படம் 'லே தியபோலிக்', இதே வேண்டுகோளைப் படத்தின் கடைசியில் எழுத்தாகவே போட்டது. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வெளியாகும் முன் 2019இல் அதன் இயக்குநர்கள் ரசிகர்களுக்கு ஒரு கடிதமே எழுதினார்கள்.

தமிழில் இந்த அக்கறை முதலில் வரவேண்டிய இடம் பதிப்பகங்கள். நல்ல நாவல்களின் மறுபதிப்புகளில் அறிஞர் ஒருவர் நீண்ட முன்னுரை எழுதுகிறார், அதில் கதாநாயகி என்ன ஆனாள் என்பது இரண்டாம் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. பெங்குவின் கிளாசிக்ஸ் வரிசையில், இந்த முன்னுரை கதை விவரங்களை வெளிப்படையாகப் பேசுகிறது என்று புதிய வாசகர்களுக்கு முன்னெச்சரிக்கை போடுகிறார்கள். இங்கே அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டுரையை அப்படியே எடுத்து நூலின் கடைசியில் பின்னுரையாக அச்சிட்டால் போதும். தாத்தாவும், பேரன் அந்த நாவலைப் படித்து முடித்த பிறகு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடரலாம். அப்போது பேரனுக்கும் சொல்ல நிறைய இருக்கும்.