கோத்தெடுத்த மிதிவண்டியின் விலை

நுழையும்முன்

கடையில் நிற்கும் மிதிவண்டி ஒரு பொருள். உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கோத்தெடுக்கும் மிதிவண்டியோ பல பொருள்களின் கூட்டு. உருவத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் விலையில் ஒன்றாக அமைவதில்லை. சிறுகச் சிறுக வாங்கினால் செலவு தெரியாது என்பர். தெரியாமல் போவது உண்மை, குறைந்து போவதன்று. ஏன் அவ்வாறு நேர்கிறது?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பயில்வோர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. ஆதலின் இப்பாடத்தைப் படிப்போருள் பலர் ஏற்கெனவே ஒரு மிதிவண்டிக்கு உரியவர். கிடைத்த வண்டியை அப்படியே ஓட்டுவோர் சிலர்; கைப்பிடியை மாற்றி, இருக்கையை மாற்றி, பின்னர்ப் பல்லடுக்குச் சக்கரம் பூட்டலாமா என்று கணக்கிடத் தொடங்குவோர் பலர். அக்கணக்கின் முடிவில், "பழைய சட்டகம் ஒன்றை வாங்கி, விரும்பிய உறுப்புகளைப் பூட்டி, எனக்கென்றே ஒரு வண்டியை ஏன் உருவாக்கக் கூடாது?" என்னும் ஆசை எழும். ஆசையில் பிழையில்லை. அதற்குரிய கணக்கு மட்டும் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

முழுமை மலிவு, பகுதி அரிது

சென்னை அம்பத்தூரில் 1949இல் மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பஞ்சாபின் லூதியானாவில் 1956இல் ஹீரோ நிறுவனம் தோன்றியது. இத்தகைய ஆலைகள் சங்கிலியையும் டயரையும் ஒன்றிரண்டாக வாங்குவதில்லை; பல்லாயிரக்கணக்கில் வாங்குகின்றன. அவற்றுக்குச் செல்லும் உறுப்புகளுக்கு வண்ணப் பெட்டி வேண்டியதில்லை, விளக்கத்தாள் வேண்டியதில்லை, நடுவில் மொத்த வணிகர், சில்லறை வணிகர் என்னும் இருவரின் இலாபமும் ஏறுவதில்லை. அதே சங்கிலி கடைத்தட்டுக்கு வரும்போது இவையனைத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. எனவே, ஒரு புதிய மிதிவண்டியின் உறுப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் சில்லறை விலையையும் கேட்டுக் கூட்டினால், கிடைக்கும் தொகை முழுவண்டியின் விலையை எளிதில் தாண்டிவிடும். கைக்கடிகாரம், மின்விசிறி, தையல் இயந்திரம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

இந்த ஒரு காரணமே போதும், கோத்தெடுப்பது சிக்கனம் என்னும் எண்ணத்தைக் கைவிட. ஆயினும் செலவு ஏறுவதற்கு இதைவிடச் சுவையான காரணங்கள் உள்ளன.

அளவுகளின் புதிர்

ஒரு மிதிவண்டியின் உறுப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் எனத் தோன்றும். பணிமனையில் பிரித்துப் போட்டால்தான் உண்மை விளங்கும். சக்கரம் ஒன்றில் மட்டும் நடுவே குடம், அதனுள் அச்சு, கோன், எஃகுக் குண்டுகள். குடத்திலிருந்து வளையத்திற்கு 32 அல்லது 36 ஆரக்கம்பிகள். அத்தனைக்கும் ஒவ்வொரு நிப்பிள். ஆரக்கம்பியின் முனை ட்யூபைக் குத்தாதிருக்க ஒரு பட்டை. அதன்மேல் ட்யூப், டயர். (மாட்டுவண்டிச் சக்கரத்திற்குத் தச்சர் வழங்கும் 'குடம்' என்னும் சொல் மிதிவண்டிக்கும் நன்கு பொருந்துகிறது, புதுச்சொல் தேட வேண்டியதில்லை.) இவற்றுள் ஒவ்வொன்றும் மற்றொன்றோடு அளவில் இணங்க வேண்டும். இணங்காவிடில் வாங்கிய பொருள் அலமாரிக்குப் போகும். பணம் மீண்டும் கடைக்குப் போகும்.

டயரையே எடுத்துக்கொள்வோம். 26 அங்குலம் என அச்சிட்ட இரண்டு டயர்கள் ஒரே வளையத்தில் பொருந்தும் என்றே எவரும் நினைப்பர். ஆனால், மலைவழி மிதிவண்டிகளில் நெடுங்காலம் வழங்கிய 26 அங்குல டயர் 559 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் அமர்வது. 26 × 1⅜ எனக் குறிக்கப்படுவதோ 590 மில்லிமீட்டர் வளையத்திற்கு உரியது. 31 மில்லிமீட்டர் வேறுபாட்டை எந்த வலிமையான கையாலும் இழுத்துச் சரிசெய்ய இயலாது. அவ்வாறே, பழைய கனத்த வண்டிகளின் 28 × 1½ டயருக்கு 635 மில்லிமீட்டரும், 28 அங்குலம் என்றே சிலவிடங்களில் குறிக்கப்படும் 700சி டயருக்கு 622 மில்லிமீட்டரும் வளைய அளவாகும். பெயரில் உள்ள அங்குலம், காற்றடைத்த டயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகச் சொல்வது. வளையத்தின் அளவைச் சொல்வதன்று. டயரின் தடிப்பு மாறினால் ஒரே பெயரின்கீழ் வளையமும் மாறிவிடும். இக்குழப்பத்தைத் தீர்க்கவே பன்னாட்டுத் தர அமைப்பு 5775 என்னும் எண்ணுள்ள தரத்தை வகுத்தது. டயரின் பக்கவாட்டில் 37-590 என்றிருப்பின், 37 அதன் அகலம்; 590 அது அமரும் விட்டம். பெரிய எழுத்தில் உள்ள அங்குலத்தைவிடச் சிறிய எழுத்தில் உள்ள இவ்வெண்ணே நம்பத்தக்கது.

இருக்கையைத் தாங்கும் தண்டு இன்னும் நுட்பமானது. 27.2 மில்லிமீட்டர் தண்டுக்கு உரிய சட்டகத்தில் 27.0 மில்லிமீட்டர் தண்டு நுழையும். ஆனால் உறுதியாக நில்லாது. மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே வேறுபாடு. கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி, அமர்ந்து மிதிக்கும்போது இருக்கை மெல்லக் கீழிறங்குவதில் வெளிப்படும்.

பின்சக்கரத்தின் குடம் பொருந்தும் இடைவெளியும் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. ஆறு அல்லது ஏழு பல்சக்கரங்கள் இருந்த காலத்துச் சாலை வண்டிகளில் அது 126 மில்லிமீட்டர். எட்டும் அதற்கு மேலும் வந்தபோது 130 ஆயிற்று. மலைவழி வண்டிகளில் 135. எஃகுச் சட்டகத்தை வல்லவர் ஒருவர் சற்று விரித்துக் கொடுக்கலாம். அலுமினியச் சட்டகத்தை அவ்வாறு விரிப்பது தீங்கானது. அது விரிசல் காணக்கூடும். ஆகவே, மலிவாகக் கிடைத்த பழைய சட்டகத்தில் புதிய பல்லடுக்கைப் பூட்ட விரும்புபவர் குடத்தை மாற்ற நேரும். குடம் மாறினால் ஆரக்கம்பிகளின் நீளம் மாறும். பல்சக்கரங்களின் எண்ணிக்கை கூடினால் அவற்றின் இடைவெளி சுருங்குதலால் குறுகிய சங்கிலி வேண்டும். கைப்பிடியில் உள்ள கியர் நெம்புகோலும் அதே எண்ணிக்கைக்கு உரியதாக வேண்டும். வாங்க எண்ணியது ஒன்று. வாங்க நேர்ந்தவை ஐந்து.

மிதிகட்டைகள் சுழலும் நடு அச்சிலும் ஒரு புதிர் உண்டு. ஆங்கிலேய முறையில் வலப்பக்கக் கிண்ணத்தின் மரை எதிர்த்திசையில் சுழல்வது, இத்தாலிய முறையில் இருபக்க மரைகளும் வழக்கமான திசையிலேயே சுழல்வன, விட்டமும் வேறு. அதை அறியாதவர் கழற்றுவதாக எண்ணி இறுக்குவர். மரை அழிந்தால் சட்டகமே பாழ்.

எழுதாமல் விட்ட வரிகள்

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். இவை கணக்கிற்காகக் கொண்ட எண்களே. சந்தை விலைகள் அல்ல. மாணவர் ஒருவர் பழைய சட்டகத்திற்கு ரூ.2,000, இரு சக்கரங்களுக்கு ரூ.2,400, கியர் அமைப்புக்கு ரூ.3,000, பிரேக்குகளுக்கு ரூ.800, கைப்பிடிக்கும் இருக்கைக்கும் ரூ.1,200, டயர்களுக்கு ரூ.1,000 எனத் திட்டமிடுகிறார். மொத்தம் ரூ.10,400. தாளை மடித்து வைத்துவிடுகிறார்.

கோக்கத் தொடங்கியபின் ட்யூபுகளும் பட்டைகளும் ரூ.400, கம்பிகளும் உறைகளும் ரூ.300, நடு அச்சு ரூ.500, முன்கவையின் குண்டுக் கிண்ணங்கள் ரூ.350, சங்கிலி ரூ.400, மிதிகட்டைகள் ரூ.350 எனப் புதிய வரிகள் முளைக்கின்றன. சங்கிலி வெட்டும் கருவி, நடு அச்சுக்குரிய சாவி, ஆரக்கம்பிச் சாவி ஆகியவற்றுக்கு ரூ.1,800. அளவு பொருந்தாமல் இரண்டாம் முறை வாங்கிய இருக்கைத் தண்டும் பிரேக் நெம்புகோலும் ரூ.600. கூடுதல் மட்டும் ரூ.4,700. முதலில் எழுதிய தொகையில் ஏறக்குறைய 45 விழுக்காடு!

இதில் வியப்பு என்னவெனில், பெரிய உறுப்பு எதுவும் விலை ஏறவில்லை. பட்டியலில் இல்லாதவையே ஏறின. கருவிகளோ, பெரும்பாலானவை ஒருமுறை பயன்பட்டு ஆண்டுக்கணக்கில் உறங்குபவை. கிண்ணங்களை அழுத்திப் பொருத்துவது போன்ற ஒருநாள் வேலைக்குக் கருவி வாங்குவதினும் தெருமுனைப் பணிமனையில் கூலி கொடுப்பதே அறிவுடைமை.

எடையைக் குறைக்கும் விலை

வண்டியை இலகுவாக்க வேண்டும் என்னும் ஆவல் தனியாகப் பேசத்தக்கது. 1972ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று, பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து சாதனை படைத்தார். அதற்கென இத்தாலியக் கைவினைஞர் எர்னெஸ்தோ கொல்னாகோ உருவாக்கிய மிதிவண்டியின் எடை 6 கிலோவிற்கும் குறைவு. சங்கிலியின் இணைப்புத் தகடுகளில்கூடத் துளையிட்டு எடையைக் குறைத்தனர். டைட்டானியம் உறுப்புகளைப் பயன்படுத்தினர். அவ்வண்டியில் பிரேக் இல்லை. கியர் மாற்றமும் இல்லை. ஒரு மணி நேரச் சாதனைக்கு அது தகும். புத்தகப்பையும் உணவுக்கலமும் சுமந்து, மழையிலும் மேடுபள்ளத்திலும் செல்லும் வண்டிக்கு அந்த இலக்கு எவ்வகையிலும் பொருந்தாது. வலிமை, இலகு, மலிவு ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற முடியாது, இரண்டையே தேர்ந்தெடுக்கலாம் என்பது மிதிவண்டி வினைஞரிடையே வழங்கும் கருத்து. எடையில் முதல் ஒன்றிரண்டு கிலோ குறைவது எளிது. அதன்பின் ஒவ்வொரு நூறு கிராமுக்கும் முன்னையதைவிட மிகுதியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மனத்தின் கணக்கு

பிரெஞ்சு அறிஞர் தெனி திதெரோ 1769இல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய வீட்டு அங்கியை நீக்கி, செந்நிறமான புதிய அங்கி ஒன்றை அவர் அணியத் தொடங்கினார். அதன் பொலிவுக்கு முன் அறையில் இருந்த வைக்கோல் நாற்காலி எளியதாகத் தோன்றிற்று. தோல் போர்த்த நாற்காலி வந்தது. பின்னர் மேசை, சுவர்ப்படங்கள் என ஒவ்வொன்றாக மாறின. பழைய அங்கிக்குத் தாம் தலைவராக இருந்ததாகவும் புதிய அங்கிக்கு அடிமையாகிவிட்டதாகவும் அவர் வருந்துகிறார். ஒரு புதுப்பொருள் பிற பொருள்களையெல்லாம் புதுப்பிக்கத் தூண்டும் இவ்வியல்புக்குக் கனடிய மானிடவியலறிஞர் கிராண்ட் மெக்கிராக்கன் 1980களில் 'திதெரோ விளைவு' எனப் பெயரிட்டார். பளபளக்கும் புதிய பல்சக்கரத்தைப் பூட்டியவுடன் பழைய மிதிகட்டை கண்ணை உறுத்துவதற்கும் இப்பெயரே பொருந்தும். முன்னே கண்ட அளவுப் பொருத்தம் பொறியியல் கட்டாயம். இது கண்ணின் கட்டாயம். கோப்பவர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுகிறார். "வேறு வழியில்லை" என்று இரண்டிற்கும் சொல்கிறார். இரண்டாவதற்கு வழியுண்டு.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்னும் உளவியலறிஞர் இருவர் 1981இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வினாவைக் கேட்டனர். 15 டாலர் விலையுள்ள கணிப்பானை 20 நிமிடத் தொலைவில் உள்ள கடையில் 5 டாலர் குறைவாகப் பெறலாம் எனில் செல்வீர்களா? 68 விழுக்காட்டினர் செல்வதாகக் கூறினர். மற்றொரு குழுவினரிடம் கணிப்பானின் விலை 125 டாலர் எனச் சொல்லி, அதே 5 டாலர் குறைவைக் காட்டியபோது, 29 விழுக்காட்டினரே செல்ல ஒப்பினர். மிச்சமாகும் தொகை இரண்டிலும் ஒன்றே. எனினும் பெருந்தொகையின் அருகில் அது சிறிதாகத் தோன்றுகிறது. பன்னிரண்டாயிரம் செலவிட்டவருக்கு அடுத்த ஐந்நூறு ஒரு தொகையாகவே படாது. தனியே ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு சட்டை வாங்க அதே மனிதர் மூன்று கடை ஏறி இறங்குவார்.

போட்ட பணம் வீணாகக் கூடாது என்பதற்காக மேலும் பணம் போடுவதும் உண்டு. சட்டகம் வளைந்துள்ளது எனச் சக்கரம் பூட்டியபின் தெரிகிறது. சக்கரத்தை வேறு சட்டகத்திற்குப் பயன்படுத்தலாம். ஆனால் அவர் வளைந்த சட்டகத்தை நிமிர்த்தக் கூலி கொடுக்கிறார்.

கோக்கத் தகும் இடங்கள்

அவ்வாறெனின் எவரும் மிதிவண்டியைத் தாமே கோக்க வேண்டாமா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் 531 என்னும் எஃகுக் குழாயை அறிமுகம் செய்தது. அதனால் ஆன சட்டகத்தை மட்டும் உள்ளூர்க் கைவினைஞரிடம் சொல்லிச் செய்து, பழைய வண்டியின் சக்கரங்களையும் கைப்பிடியையும் அதற்கு மாற்றிக்கொள்வது ஆங்கிலேய மிதிவண்டிக் கழகத்தாரிடையே வழக்கமாக இருந்தது. அவர்கள் பெரும்பாலும் முழுவண்டியை ஒரே நாளில் வாங்கவில்லை. கையில் இருந்த உறுப்புகளைக் கொண்டே கோத்தனர். தேய்ந்ததை மட்டும் மாற்றினர். இன்றும் செலவு குறைய வேண்டுமெனில் அதுவே வழி. மிக உயரமானவர், உடலமைப்பால் கடைவண்டியில் அமர இயலாதவர் ஆகியோர்க்குக் கோத்தெடுத்தல் ஆடம்பரமன்று, தேவை.

மேலும், விலைப்பட்டியலில் வராத ஒரு வரவு உண்டு. ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் சக்கரத்தின் கோட்டம் எடுக்கக் கற்றவர், தம் வாழ்நாள் முழுவதும் அதற்குக் கூலி கொடுப்பதில்லை. சங்கிலியின் 24 கண்ணிகளைப் புதிதில் அளந்தால் 12 அங்குலம். தேய்ந்து அரை விழுக்காடு நீண்டுவிட்டதை அளவுகோலால் கண்டறிந்து உரிய காலத்தில் மாற்றினால், அதைவிட விலைமிகுந்த பல்சக்கரங்கள் பிழைக்கும். இவற்றைக் கற்கப் புதிய வண்டி கோக்க வேண்டும் என்பதில்லை. இப்போது வைத்திருக்கும் வண்டியே போதும். எனினும், கோக்க முனைந்தவரே இவற்றைக் கற்கும் பொறுமையைப் பெறுகின்றனர் என்பதும் மெய்.

கோக்க முடிவுசெய்தவர் முதலில் சட்டகத்தை வாங்கி அளக்கட்டும். ஏனையவற்றை அதன்பின் வாங்கட்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று சக்கரத்தை முதலில் வாங்குவது, கதவுக்கேற்ப வீடு கட்டுவது போன்றதாகும். பட்டியலின் மொத்தத்தோடு அதில் மூன்றில் ஒரு பங்கையேனும் தனியே ஒதுக்கி வைத்தபின் தொடங்கட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் மிதிவண்டி டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களைக் குறித்து வந்து, வகுப்பில் உள்ள பிறர் குறித்தவற்றோடு ஒப்பிடுக. ஒரே அங்குலப் பெயருக்கு வெவ்வேறு வளைய அளவுகள் உள்ளனவா எனக் காண்க.

2. அருகிலுள்ள மிதிவண்டிப் பணிமனைக்குச் சென்று, உறுப்புகளுக்கு அங்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அவற்றுள் தமிழ்ச்சொற்கள், பிறமொழிச் சொற்கள், திரிந்து வழங்கும் சொற்கள் எவை என வகைப்படுத்துக.