மிஞ்சிய குளிசைகள்

உங்கள் வீட்டு மேசை லாச்சியை ஒருமுறை திறந்து பாருங்கள். சென்ற முறை யாருக்கோ சுகமில்லாதிருந்தபோது வாங்கிய மருந்தில் மிஞ்சிய மூன்று நான்கு கப்சூல்கள் அங்கே கிடக்கக்கூடும். ‘காசு கொடுத்து வாங்கியது, எறிவானேன்? இன்னொரு நாளைக்கு உதவும்’ என்று எடுத்து வைத்திருப்பீர்கள். சிக்கனம் நல்ல குணந்தான். ஆயினும் அன்ரிபயோற்றிக் மருந்துகளைப் பொறுத்தவரை அச்சிக்கனம் தீமையாகவே முடிகின்றது.

‘அடிக்கடி பாவித்தால் உடம்புக்குப் பழகிவிடும், பிறகு கேளாது’ என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது தவறு. மருந்துக்குப் பழகுவது உடம்பன்று, கிருமியே. மருந்து பட்டதும் வலுக்குறைந்த கிருமிகள் மடிகின்றன. அதை எதிர்க்கும் தன்மை தற்செயலாய் அமைந்தவை தப்பிப் பெருகுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இந்தியா உட்பட 12 நாடுகளில் ஏறக்குறைய 10,000 பேரிடம் விசாரித்தபோது, நூற்றுக்கு 76 பேர் உடம்பே பழகிவிடுகிறது என்றுதான் எண்ணியிருந்தார்கள். இது சிறு பிழையன்று. உடம்புதான் பழகுகிறதென்றால் நட்டம் எனக்கு மட்டுமே. கிருமி பழகுகிறதென்றாலோ அது என்னை விட்டு என் பிள்ளைக்கும், அயல் வீட்டுக் கிழவிக்கும், வாட்டில் பக்கத்துக் கட்டிலில் கிடப்பவருக்கும் தொற்றும். மருந்தையே தொடாதவரும் அதன் பலனை அனுபவிக்க நேரிடும்.

பெனிசிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் இதைக் கற்பனைக் கதையொன்றால் விளக்கினார். தொண்டை நோவுள்ள ஒருவர் தாமாகவே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் பாவிக்கிறார். சாகாத கிருமி மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகிறது. இப்போது பெனிசிலின் பலிக்கவில்லை, மனைவி இறக்கிறாள். அவள் சாவுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார் பிளெமிங். சில ஆண்டுகளுக்குள்ளேயே இலண்டன் மருத்துவமனைகளில் பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகள் பரவின. 2019ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய கிருமிகளால் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர்.

இவ்வளவும் அறியாமையால் மட்டும் நடப்பதன்று. பெரும்பாலும் பாசத்தாலும் அவசரத்தாலும் நடப்பது. பிள்ளைக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுகிறது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை. டொக்டர் பரசிட்டமோல் மட்டும் எழுதித் தந்தால், ‘இவர் ஒன்றும் தரவில்லை’ என்று தாய்க்கு மனக்குறை. அடுத்த முறை ‘கடுமையான மருந்து’ தருகிறவரைத் தேடிப் போகிறாள். இதை அறிந்த டொக்டரும் சிலவேளை மனமறிந்தே எழுதிவிடுகிறார். குற்றம் யாருடையது? இருவருடையதுந்தான்.

தடிமனும் சாதாரண சளிக்காய்ச்சலும் வைரஸால் வருபவை, டெங்கும் அப்படியே. வைரஸை எந்த அன்ரிபயோற்றிக்கும் தீண்டாது. தடிமன் ஒரு கிழமை பத்து நாளில் தானே மாறும். இருமல் இன்னுஞ் சில நாள் நிற்கலாம். டெங்கோ அப்படிப்பட்டதன்று. லாச்சியில் இருந்ததைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் இரண்டு நாளில் உயிராபத்து நெருங்கிவிடலாம். காய்ச்சல் இரண்டு நாளைக்கு மேல் நின்றால், அல்லது பிள்ளை மூச்சுவாங்கினால், சோர்ந்து கிடந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நம் நாட்டுச் சட்டப்படி மருத்துவரின் துண்டின்றி இம்மருந்துகளை விற்கக்கூடாது. கடைக்காரர் மறுத்தால் அவரோடு கோபியாதீர்கள். மருத்துவர் குறித்த நாட்களுக்குக் குறித்த நேரத்தில் எடுங்கள். சில நோய்களுக்கு முன்னரைவிடக் குறைந்த நாட்களே போதுமென்று இன்று கண்டிருக்கிறார்கள். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அவரேயன்றி, இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் ‘சுகம் வந்துவிட்டது’ என்று நிறுத்தும் நாமல்ல. காசநோய்க்கு மருந்தெடுப்பவர் இதில் இன்னும் கவனமாயிருக்கவேண்டும். அதற்கு வழமையாக ஆறு மாதம் செல்லும்.

பிள்ளைகளுக்குத் தூளாக வரும் மருந்தை நீரில் கலக்கிய பின்னர் சில நாட்களே வைத்திருக்கலாம். மிஞ்சிய போத்தலைத் தம்பிக்கென்று பத்திரப்படுத்தாதீர்கள். அடுத்த முறை டொக்டர் அன்ரிபயோற்றிக் எழுதும்போது, ‘இது அவசியந்தானா, எத்தனை நாளைக்கு?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதாதபோது, ஏன் எழுதவில்லை என்று அவரே விளக்கக் கொஞ்சம் பொறுத்திருங்கள்.