புளித்தண்ணீரும் நிறமியும்

நுழையும்முன்
அடுப்படியில் அன்றாடம் நிகழும் ஒரு சிறு செயல், உயிர்வேதியியலின் ஆழத்திற்கு நம்மை இட்டுச் செல்கிறது. அறிவியலைத் தமிழில் எழுதும் முறைக்கு ஒரு சான்றாக இவ்வுரைநடை அமைகிறது.

தருமபுரி மாவட்டம் புளிக்கும் மாவிற்கும் பெயர் பெற்றது. அம்மாவட்டத்து ஏரியூரிலும் சரி, பிற ஊர்களிலும் சரி, வாழைப்பூவை நறுக்குவோர் அதனை மோரிலோ புளித்தண்ணீரிலோ இடுவது வழக்கம். ‘இல்லாவிட்டால் கறுத்துவிடும்’ என்பதே அவர்கள் கூறும் காரணம். அக்காரணத்திற்குப் பின்னால் ஒரு நொதி இருக்கிறது.

காயை நறுக்கும்போது செல்கள் சிதைகின்றன. அதுவரை தனித்தனியே இருந்த பீனால் சேர்மங்களும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதியும் ஒன்றுகலக்கின்றன. காற்றின் ஆக்சிஜனும் சேர, பீனால்கள் குயினோன்களாக மாறுகின்றன. அவை ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பு நிறமியாகின்றன. இந்நொதியின் செயல்மையத்தில் இரண்டு தாமிர அயனிகள் உள்ளன. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் நீரின் அமிலத்தன்மையை மிகுவிக்க, நொதியின் வேகம் தளர்கிறது. எலுமிச்சையிலோ இரு தடைகள் உண்டு: சிட்ரிக் அமிலம் தாமிரத்தைப் பற்றிக்கொள்கிறது, அஸ்கார்பிக் அமிலம் குயினோனை மீண்டும் பீனாலாக்குகிறது. அமிலச்சூழல் பாக்டீரியாக்களின் பெருக்கத்தையும் மட்டுப்படுத்தும். நெடும்பயணத்திற்குப் புளிச்சோறு கட்டிச் சென்ற நம் முன்னோர், இதனைப் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

மனிதத் தோலிலும் இக்குடும்பத்தைச் சேர்ந்த நொதி ஒன்று உண்டு. டைரோசினேஸ் எனப்படும் அது, டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை டோப்பாவாகவும் டோப்பாகுயினோனாகவும் மாற்றுகிறது. முடிவில் விளைவது மெலனின். அதிமதுர வேரிலுள்ள கிளாப்ரிடின் இந்நொதியைத் தடுப்பதையும், சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியை ஒடுக்குவதையும் ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. எனினும், கண்ணாடிக் கிண்ணத்தில் நொதியைத் தடுப்பது ஒன்று. மேல்தோலைக் கடந்து நிறமிச் செல்லை அடைவது வேறு. விளம்பரங்கள் இவ்வேறுபாட்டைச் சொல்வதில்லை.

வாழைப்பூ கறுக்காதிருக்க மோரைத் தேடுவதில் தவறில்லை. தோலின் கறுப்போ கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. வெயிலில் உழைப்பவரின் செல் உட்கருவிற்குமேல் குடைபோல் கவிந்து, புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி, டி.என்.ஏ.வைக் காப்பது அந்த மெலனினே. அக்குடையை மடக்கத்தான் சிலர் காசு கொடுக்கின்றனர்!

சில சிவப்பழகுக் களிம்புகளில் தாவரச் சாறு அன்று, பாதரசமே வேலை செய்கிறது. அதுவும் டைரோசினேஸைத் தடுக்கும். கூடவே சிறுநீரகத்தையும் தாக்கும். ஆகவே, 1 பி.பி.எம். அளவிற்கு மேல் பாதரசம் கொண்ட அழகுப்பொருள்களை 2020-க்குள் கைவிட வேண்டுமென 2013-ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை வரையறுத்தது. கேரளத்தின் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை, சிறுநீரக வடிகட்டிப் படலம் பழுதுற்ற 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் ஒரு குறிப்பிட்ட அரிய வகைப் பாதிப்பு காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசி வந்தவர்கள். களிம்பை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினர்.