ஒன்பது ஆட்டம், பதினெட்டு அணி

பத்து மாணவர்கள் சதுரங்கப் போட்டி நடத்துகிறார்கள். ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேருடனும் ஒரு முறை ஆடினால் மொத்த ஆட்டங்கள் எத்தனை? 10 × 9 ÷ 2 = 45. எல்லோரும் எல்லோருடனும் ஆடிவிட்டதால், முடிவில் கிடைக்கும் வரிசைப் பட்டியலைப் பெரும்பாலும் நம்பலாம். இப்போது மாணவர் தொகையை 18 ஆக்குங்கள். ஆளுக்கு ஒன்பது ஆட்டம் என்பதை மட்டும் மாற்றாதீர்கள். இருக்கக்கூடிய ஜோடிகள் 18 × 17 ÷ 2 = 153. நடக்கும் ஆட்டங்களோ 18 × 9 ÷ 2 = 81. மீதி 72 ஜோடிகள் எதிரெதிரே உட்காரவே இல்லை! அப்படியானால் அந்தப் பட்டியல் எதை அளந்தது?

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. 2024-இல் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் உண்மையாகவே நடந்தது. (அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் முரட்டு ஆட்டம், நாம் ஆடும் கால்பந்து அன்று.)

அங்கே பல்கலைக்கழக அணிகள் 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் கூட்டணிகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. மேற்குக் கரையில் 'பசிபிக்-10' என்றொரு கூட்டணி இருந்தது. 2006 முதல் 2010 வரை அதில் பத்து அணிகள், ஆளுக்கு ஒன்பது ஆட்டங்கள். நம் முதல் சதுரங்கப் போட்டியேதான். 2011-இல் அது பன்னிரண்டாக வளர்ந்தது. 2024-இல் பத்து அணிகள் வெளியேறின, இரண்டே மிஞ்சின. காரணம் தொலைக்காட்சிப் பணம். வெளியேறியவற்றுள் ஆரிகன், வாஷிங்டன், தென் கலிபோர்னியா, யு.சி.எல்.ஏ. ஆகிய நான்கும் 'பிக் டென்' கூட்டணியில் சேர்ந்தன. 'பெரிய பத்து' என்று பொருள்படும் அந்தக் கூட்டணியில் இப்போது அணிகள் பதினெட்டு! பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

அந்த ஆண்டு முடிவைப் பாருங்கள். ஆரிகன் ஒன்பதிலும் வென்றது. அடுத்து இந்தியானாவும் பென் ஸ்டேட்டும் தலா 8 வெற்றி, 1 தோல்வி. இரண்டும் தோற்றது ஒரே அணியிடம்: ஒஹையோ ஸ்டேட். ஆனால் இந்தியானாவும் பென் ஸ்டேட்டும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. இரண்டில் எது உயர்ந்தது? களம் விடை சொல்லாததால், எவருடைய எதிரிகள் அதிகம் வென்றார்கள் என்று விதிப் புத்தகத்தைக் கொண்டு பார்த்து, பென் ஸ்டேட்டை இறுதி ஆட்டத்திற்கு அனுப்பினார்கள். இரண்டையும் வீழ்த்திய ஒஹையோ ஸ்டேட்டோ 7-2 என்ற கணக்கில் பின்தங்கி, இறுதி ஆட்டத்தில் இடம் பெறவில்லை. அதே அணிதான் 2025 ஜனவரியில் தேசிய சாம்பியன் ஆயிற்று!

புதிதாக வந்த நான்கு அணிகளும் முறையே 9, 4, 4, 3 ஆட்டங்களில் வென்றன, ஆக 20. கூட்டணிக்குள் நடந்த ஆட்டங்கள் 81 என்றால் வெற்றிகளும் 81, தோல்விகளும் 81. இந்தக் கணக்கிலிருந்து எவரும் தப்ப முடியாது. எனவே பழைய பதினான்கு அணிகளுக்கு எஞ்சியவை 61 வெற்றிகள், 65 தோல்விகள். வலிமையான அணியொன்று உள்ளே வந்தால், அது பெறும் வெற்றி யாரோ ஒரு பழைய உறுப்பினரின் ஏட்டிலிருந்துதான் கழியும். பணம் எல்லோருக்கும் பெருகலாம், வெற்றி பெருகாது.

கூடைப்பந்தில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. அதே பிக் டென்னில் 2024-25 பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டங்கள்: 14 எதிரிகளுடன் ஒரு முறை, 3 எதிரிகளுடன் இருமுறை. சந்திக்காத ஜோடியே கிடையாது. இன்னொரு நன்மையும் உண்டு. சம பலமுள்ள அணிகள் பூவா தலையா போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது முறை சுண்டினால் ஏழோ அதற்கு மேலோ தலை விழும் வாய்ப்பு 512-இல் 46, அதாவது சுமார் 9 விழுக்காடு. இருபது முறை சுண்டி, ஏறத்தாழ அதே விகிதத்தில், பதினாறோ அதற்கு மேலோ தலை விழும் வாய்ப்பு 0.6 விழுக்காடுதான். ஆட்டங்கள் கூடக் கூட அதிர்ஷ்டத்தின் கை தளர்கிறது. உடலை நொறுக்கும் அமெரிக்கக் கால்பந்தில் வாரம் ஓர் ஆட்டத்திற்கு மேல் ஆட இயலாது. ஆகவே அங்கே இந்த மருந்து செல்லாது.

தூரமும் சேர்ந்துகொண்டது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து அதே கூட்டணியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் இருக்கும் நியூஜெர்சி ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். கடிகார வித்தியாசம் மூன்று மணி. அங்கே நண்பகல் ஆட்டம் என்றால், வந்த வீரரின் உடலுக்கு அது காலை ஒன்பது மணி. இருந்தும் யு.சி.எல்.ஏ. 2024-இல் அங்கே போய் வென்று திரும்பியது. ஒரே ஓர் ஆட்டத்தைக் கொண்டு தூரத்தின் விளைவை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்பதை மேலே கண்ட நாணயக் கணக்கே சொல்லும்.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். தென்கிழக்குக் கூட்டணியில் 2024-இல் 16 கால்பந்து அணிகள். கூட்டணிக்குள் ஆளுக்கு 8 ஆட்டங்கள். சந்திக்காத ஜோடிகள் எத்தனை? (விடை: 120 − 64 = 56.) அவ்வாறு ஒரு ஜோடிகூட விடுபடாமலிருக்க ஆளுக்கு எத்தனை ஆட்டங்கள் வேண்டும் என்றும், வாரம் ஒன்று வீதம் ஆடினால் அதற்கு எத்தனை வாரங்கள் பிடிக்கும் என்றும் கணக்கிடுங்கள்.