மார்கழியில் மண்டபம் பார்ப்பது யார்?

முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த ஊர் என்பதால், முகூர்த்த நாளில் எங்கள் திருப்பரங்குன்றம் சன்னதித் தெருவில் மாலையும் கழுத்துமாக ஜோடி ஜோடியாக நடப்பார்கள். அந்தக் கல்யாணங்களை நம்பித்தான் என் பிழைப்பும். நாலைந்து மண்டபங்களுக்கு வெப்சைட் போட்டுக்கொடுத்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மாதாமாதம் கணக்கும் கொடுக்கிறேன்.

2025 மார்கழியில் ஒரு மண்டபத்தின் கணக்கு எகிறியது. மொதலாளிக்கு ஏக சந்தோஷம். "சிங்கப்பூர்ல இருந்து நம்ம ஆளுக பாக்குறாங்க போல தம்பி. விளம்பரத்தக் கூட்டிருவோமா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. மார்கழியில் கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். தை முகூர்த்தத்துக்கு ஆவணியிலேயே அட்வான்ஸ் போயிருக்கும்.

கூகுள் அனலிட்டிக்ஸில் ஊர் வாரியாகப் பிரித்தேன். சிங்கப்பூருக்கு மேலே சீனாவின் லான்சோ. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் உலகம் முழுக்கப் பல தளங்களின் கணக்கில் இந்த இரண்டு ஊரும் ஒன்றாகத் தலைகாட்டின. தங்கிய நேரம் பூஜ்யம். எல்லாம் பாட்; பக்கத்தைத் திறந்த கையோடு மூடிவிட்டுப் போகும் நிரல். தெரிந்த பாட்களை, விளம்பரத் துறை அமைப்பான ஐஏபியின் பட்டியலை வைத்துக் கூகுளே கழித்துவிடும்; எத்தனையைக் கழித்தது என்று சொல்லாது. பட்டியலில் இல்லாதது குரோம் வேஷம் கட்டி உள்ளே வந்துவிடும்.

லான்சோவிலிருந்து யாரும் இங்கே தாலி கட்ட வரப்போவதில்லை, கழித்துவிடலாம். சிங்கப்பூரில்தான் சறுக்கினேன். அவசரப்பட்டு, சைட்டுக்கு முன்னால் காவல் நிற்கும் கிளவுட்ஃபிளேரில் அந்த நாட்டையே அடைத்தேன். மூன்றாம் நாள் மண்டப மேனேஜரின் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்: "அண்ணே, சிராங்கூன்ல இருந்து பேசுறேன். தங்கச்சி கல்யாணத்துக்கு ஒங்க மண்டபத்தப் பாப்போம்னா சைட்டே தொறக்கல." நல்லவேளை, அவரிடம் நம்பர் இருந்தது.

அதற்குப் பிறகு நாட்டைத் தொடுவதில்லை, நெட்வொர்க்கைப் பார்க்கிறேன். வீட்டிலிருந்து பார்ப்பவர் சிங்டெல், ஸ்டார்ஹப் வழியாக வருவார். பாட் பெரும்பாலும் வாடகை சர்வரிலிருந்து வரும். யார் எந்த நெட்வொர்க்கில் வருகிறார் என்று கிளவுட்ஃபிளேர் காட்டும். அந்த சர்வர் நெட்வொர்க்குகளுக்கு மட்டும் 'மேனேஜ்டு சேலஞ்ச்' வையுங்கள். மனிதர் என்றால் தாண்டி வந்துவிடுவார். கூகுள்பாட் போன்ற சரிபார்க்கப்பட்ட பாட்களுக்கு விலக்குக் கொடுக்க மறந்தால், தேடலில் மண்டபமே காணாமல் போகும். 'உள்ளே வராதே' என்று ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி எழுதி வைத்தால் போதுமே என்பார்கள். 1994-இல் வந்த அந்த ஏற்பாடு, சொன்னால் கேட்கிற பாட்களுக்கு மட்டும்.

இன்னொரு ரகம் சைட் பக்கமே வராது. நம் அனலிட்டிக்ஸ் அடையாள எண்ணை எடுத்துக்கொண்டு நேராகக் கூகுளுக்கே பொய்க்கணக்கு அனுப்பும். அனலிட்டிக்ஸில் கூட்டம், சர்வர் லாகில் தடமே இல்லை என்றால் இந்தக் கூத்துதான்.

அனலிட்டிக்ஸில் ஏறிய குப்பையைக் கூட்டித் தள்ள முடியாது. எக்ஸ்ப்ளோரேஷனில் செக்மென்ட் போட்டு மறைத்துப் பார்க்கலாம், அவ்வளவே. நம்முடைய சொந்த வருகையைக் கழிக்கும் ஃபில்டரையும் முதலில் 'டெஸ்டிங்'கில் ஓடவிடுங்கள். 'ஆக்டிவ்' ஆனபின் அது கழித்தது திரும்பி வராது.

இப்போது என் ரிப்போர்ட்டின் முதல் வரியில் இருப்பது, 'கால்' பட்டனை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பது. அதை, வந்த அழைப்புகளை மேனேஜர் குறித்துவைக்கும் நீள நோட்டோடு வைத்துப் பார்த்த பிறகே அனுப்புகிறேன்.

"என்ன தம்பி, இம்புட்டுக் கொறஞ்சுபோச்சு?" என்றார் மொதலாளி. நோட்டைத் திருப்பிக் காட்டினேன். மார்கழி முழுக்க மூன்றே அழைப்பு. அதில் ஒன்று சிராங்கூன்.