மழைக்கு நிறுத்திய மோட்டார் சைக்கிளில் எக்சிலேட்டர் இறுகினால்

மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும், அட்டன் பக்கம் பலர் மோட்டார் சைக்கிளை லயத்துக் கோடியில் படங்கால் மூடி நிறுத்திவிடுவார்கள். மழை விட்டு எடுத்தால் எக்சிலேட்டர் இறுகியிருக்கும். "ஓடினா சரியாயிரும்" என்பார்கள். ஆகாது. முறுக்கிய பிடி திரும்பி வராமல் நின்றால், நானுஓயா ரதல்ல குறுக்கு வீதி மாதிரி இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது.

எஞ்சினைப் போடாமலே பிடியை முறுக்கி விட்டுப் பாருங்க. "டக்"கென்று திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் கேபிளைப் பிடியிலிருந்து கழற்றுங்க. அப்போதும் பிடி இறுக்கமென்றால் உள்ளேதான் அழுக்கு. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் பூசினால் போதும்.

பெரும்பாலும் குற்றம் கேபிளில்தான். ஈரம் உறைக்குள் இறங்கி உள்கம்பி துருப்பிடிக்கிறது. கேபிளை இரு நுனியும் கழற்றி, மேல்நுனியில் பொலித்தீன் துண்டைப் புனல்போல் கட்டி, தையல் மெஷின் எண்ணெய் ஊற்றி, இரவு முழுக்கத் தொங்கவிடுங்க. கீழே எண்ணெய் சொட்ட வேண்டும். கம்பியில் ஓரிழை அறுந்திருந்தாலும் இந்த வைத்தியம் வேண்டாம், புதுக் கேபிள்தான்.

கேபிளும் நல்லதென்றால், பழைய பெற்றோல் பிசினாகி காபரேட்டருக்குள் பிடித்திருக்கும். அதைப் பாஸிடம் கொடுப்பது நல்லது. அடுப்படியில் வைத்து பெற்றோலில் கழுவவே கூடாது.

மாட்டிய பிறகு பிடியில் சில மில்லிமீற்றர் தளர்வு இருக்கட்டும். நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்க. இரைச்சல் கூடினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. வண்டியை ரோட்டுக்கு எடுக்காமல் மறுபடி கழற்றி மாட்டுங்க.