அம்பாசிடர் காரில் மழைநீர் ஒழுகல்: கண்டறிதலும் சீர்செய்தலும்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசிடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றியது. தனிச் சேஸிஸின் மேல் கூட்டை ஏற்றிப் பூட்டாமல், தரைத்தகடு, கதவடிப் பெட்டி, தூண், கூரை ஆகியவற்றை ஒன்றாகப் பற்றவைத்து, அந்தக் கூடே பாரத்தைத் தாங்குமாறு செய்த கட்டுமானம் அதனுடையது என்பதால், கால்வைக்கும் இடத்தில் ஊறும் மழைநீர் விரிப்பைக் கெடுப்பதோடு நில்லாமல், தரைத்தகட்டைத் துருவாக்கி வண்டியின் வலிமையையே அரிக்கிறது. பழைய கார் என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று விட்டுவிடும் மனப்போக்கு இதனாலேயே தவறானது.

நீர் சொட்டும் இடமும் அது நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. முன்கண்ணாடியின் மேல்மூலையில் புகும் நீர், ரப்பருக்குள்ளேயே ஓடி, டேஷ்போர்டின் பின்னுள்ள வயர்களைப் பற்றி இறங்கி, கிளட்ச் பெடலின் அருகே சொட்டக்கூடும். அங்கே பசை பூசிப் பயனில்லை. எனவே எதையும் அடைக்கும் முன், விரிப்பையும் அதன் அடியிலுள்ள ஃபெல்ட்டையும் எடுத்துவிட்டு, தகடு தெரியுமாறு துடைத்து உலரவிட வேண்டும். மேலே ரப்பர் மேட் காய்ந்திருந்தாலும் ஃபெல்ட் பல நாள் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும்.

பின்பு ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே அமர, மற்றொருவர் ஹோஸில் மெல்லிய ஒழுக்காக நீர் விட வேண்டும். கதவின் அடி, கதவுக் கண்ணாடி, முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு, மேல்விளிம்பு என ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் நிறுத்திக் கீழிருந்து மேலேறுவதே முறை. மேலிருந்து தொடங்கினால் வழிந்திறங்கும் நீர் எல்லா இடங்களையும் ஒருசேர நனைத்து, எது ஒழுகுகிறது என்பதை மறைத்துவிடும். சர்வீஸ் நிலையத்தின் அழுத்த நீர்ப்பீச்சு இதற்கு ஆகாது; மழையில் ஒழுகாத ரப்பரையும் அது விலக்கிவிடும். உள்தகட்டில் டால்கம் பவுடரை மெலிதாகத் தூவிவைத்தால் நீர் வந்த தடம் கோடாகத் தெரியும்.

முன்கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பர் பீடிங்கின் ஒரு பள்ளத்தில் கண்ணாடியும், மறு பள்ளத்தில் கூட்டின் தகட்டு விளிம்பும் அமர்ந்திருக்கும். வெயிலில் ரப்பர் இறுகிச் சுருங்கும்போது பெரும்பாலும் மூலைகளில்தான் முதலில் பிடி தளர்கிறது. ரப்பர் இன்னும் மென்மையாக இருந்தால், அதன் உதட்டை மெல்லத் தூக்கிக் கெட்டியாகாத வகைச் சீலண்டைச் செலுத்தினால் போதும். வெடித்திருந்தால் கண்ணாடியைக் கழற்றி, விளிம்பின் துருவை நீக்கிப் பெயிண்ட் அடித்தபின், புது ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, தகட்டுக்கான பள்ளத்தில் சுற்றிலும் ஒரு கயிற்றைப் பதித்து, சோப்புநீர் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை இழுக்க, ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி அமரும். இவ்வேலைக்கு அஞ்சி, வினிகர் வாடை வீசும் சிலிக்கான் பசையை வெளியே பூசிவிடும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. அது உலரும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் இரும்பை அரிக்கும். பிறகு அவ்விடத்தில் பெயிண்டும் பிடிக்காது. உள்ளே தங்கிய நீர் துருவைக் கண்ணுக்குத் தெரியாமல் வளர்க்கும்.

கதவுகளின் கணக்கு வேறு. ஏறியிறங்கும் கண்ணாடியை ஒட்டிச் சிறிது நீர் கதவுக்குள் இறங்குவது இயல்பே; அது அடியிலுள்ள வடிதுளைகள் வழியே வெளியேற வேண்டும், உட்பலகைக்குப் பின் ஒட்டப்படும் நீர்புகாத் தாள் அதனை இருக்கைப் பக்கம் வரவிடாமல் தடுக்க வேண்டும். கண்ணாடி ஏற்றும் கருவியைப் பழுதுபார்ப்போர் இத்தாளைக் கிழித்துப் போட்டுவிடுவதே பல வண்டிகளின் ஒழுகலுக்குக் காரணம்; கெட்டியான பிளாஸ்டிக் தாளை வெட்டி ஒட்டினால் செலவின்றித் தீரும். கதவைச் சுற்றியுள்ள பீடிங்கைச் சோதிக்க, ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம்; தடையின்றி வந்துவிடும் இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை என்று பொருள்.

நின்ற வண்டியில் ஒழுகாமல், ஓடும்போது மட்டும் நனைந்தால், சக்கரங்கள் வாரியடிக்கும் நீர் தரைத்தகட்டுத் துளைகளின் ரப்பர் மூடிகள் வழியாகவோ, என்ஜின் பக்கத் தடுப்புத் தகட்டில் வயர் செல்லும் துளை வழியாகவோ புகுகிறது. வெயில் நாளிலும் ஈரம் தென்பட்டால் ஏசியின் வடிகுழாய் அடைபட்டிருக்கலாம். டிக்கியில் ஈரம் தென்பட்டால் பின்விளக்கு ரப்பரையும் பார்க்க வேண்டும்.

துருப்பிடித்த தகட்டின் மேல் பட்டி பூசுவது சீரமைப்பாகாது. டிங்கரிங் வேலையில் துருவை வெட்டியெடுத்து, புதுத்தகடு பற்றவைத்து, எபாக்சி பிரைமர் அடித்து, இரு தகடுகள் சேரும் இணைப்பில் நெகிழ்வான சீலண்டை இட்ட பின்னரே பெயிண்ட் அடிக்க வேண்டும். வடிதுளைகளை மட்டும் எக்காரணத்தாலும் அடைக்கலாகாது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்துக்கு முன் மெல்லிய கம்பியால் அவற்றைக் குத்தித் திறந்துவிடுமாறு பழைய கார் வைத்திருப்போர் அனைவரையும் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது.